விமானச் சாப்பாடு: அம்மா ஏன் பட்டினியாக இறங்கினார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவும் அப்பாவும் தங்கை பிரசவத்துக்காக சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து கிளம்பி, பெங்களூரு போய், வளைகுடா வழியாக டல்லாஸ் போனார்கள். டிக்கெட்டில் ‘இந்து உணவு’ என்று குறித்திருந்தும் அம்மாவுக்குக் கோழி வந்தது. மாற்றித் தந்த சைவச் சாப்பாட்டில் சோறு விறைத்துப்போய், பருப்பு சப்பென்று இருந்தது. கடைசி வரை ஜூஸும் பிஸ்கட்டும்தான். இப்போது மறுபடி கிளம்புகிறார்கள். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஏன் இப்படிக் கொடுக்கிறார்கள், இந்தத் தடவை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு சேலம் திரும்பியவன் நான். அங்கே சமைக்கிறவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஆறாது. நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்தான் இருக்கிறார்கள். சூடாகச் சாப்பிட வேண்டிய உணவைச் சமைத்து, குளிரவைத்து, மறுபடி சூடுகாட்டிக் கொடுப்பதில்தான் கோளாறு. ஆறின பிறகும் நன்றாக இருக்கிற சாப்பாடு நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. உங்கள் அம்மாவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விமானத்துக்குள் சமையல் கிடையாது. தீ கிடையாது, பெரும்பாலான விமானங்களில் மைக்ரோவேவும் கிடையாது. பெரும்பாலும் சூடான காற்றைச் சுழலவிடும் அடுப்புதான். சாப்பாடு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கூடத்தில், புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடும். வெந்த சோற்றை அகலமான தட்டுகளில் பரப்பி, பிளாஸ்ட் சில்லர் என்கிற குளிர்விப்பானுக்குள் தள்ளுவார்கள். ஆவி பறக்கிற சோறு கொஞ்ச நேரத்தில் 5 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதன் பிறகு, ஸ்வெட்டரும் தலைவலையும் கையுறையும் போட்டவர்கள் குளிரூட்டிய அறையில் வரிசையாக நின்று அலுமினியக் கிண்ணங்களை நிரப்புவார்கள். மாதிரிக்கு ஒரு கிண்ணம் முன்னால் இருக்கும். அதே மாதிரி இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் பருப்பு, நடுவில் பொரியல். அவ்வப்போது ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். மேலே தாளை மடித்து மூடினதும் தள்ளுவண்டிக்குள் போய்விடும்.

சில்லருக்குள் போவதற்கு முன்னால் அந்தச் சாம்பாரை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்திருக்கிறேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்க, கல்யாண வீட்டுச் சாம்பார் தோற்றுப்போகும். அதே சாம்பாரைக் குளிர்ந்த பிறகு சூடுபண்ணிப் பார்த்தால் தாளிப்பு எங்கே போனது என்றே தெரியாது. வாசனை என்பது ஆவியாகிப் போகிற சமாச்சாரம். முதல் சூட்டிலேயே பாதி போய்விடும், மிச்சம் இருப்பது விமானத்து அடுப்பில் போய்விடும்.

சோறு விறைப்பதற்கு வேறு காரணம். சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைகள் உள்ள ஊர்க்காரர் உங்களுக்கு இது எளிதாகப் புரியும். அரிசி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பி மிருதுவாகிறது. குளிர்ந்தால் அந்த மாவுச்சத்தின் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி, தண்ணீரை வெளியே தள்ளி, இறுகிக்கொள்கின்றன. இது மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் குளிரில். விமானச் சோறு மணிக்கணக்கில் கிடப்பது அதே குளிரில்தான். அமைலோஸ் என்ற பகுதி அதிகமுள்ள உதிரி அரிசிகள் சீக்கிரம் விறைக்கும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில் அது குறைவு, அதனால் அது குழைவாகவே நிற்கும். குளிரவைத்து விற்கிற உணவுகளில் குழம்பு திரிந்துபோகாமல் இருக்க, பதப்படுத்திய மரவள்ளி மாவைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். உங்கள் அம்மா கரண்டியால் குத்தியும் உடையாத அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் பருப்பு மட்டும் வழவழப்பாக இருந்திருக்கும்.

வீட்டில் பழைய சோற்றைச் சூடாக்கும்போது நாம் தண்ணீர் தெளித்து ஆவியில் வைப்போம். இறுகின மாவுச்சத்து ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓரளவு இளகிவிடும். விமானத்து அடுப்பில் ஒரு 20 நிமிடம் போல வறண்ட காற்று அடிக்கிறது. கிண்ணத்தின் ஓரத்துச் சோறு காய்ந்து, கண்ணாடித் துண்டு போல் பளபளக்கும், நடுவில் சில்லிப்பு அப்படியே இருக்கும். இதற்குச் சின்ன வைத்தியம் ஒன்று உண்டு. தாளை முழுக்கக் கிழிக்காமல் ஒரு மூலையை மட்டும் திறந்து, பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று ஸ்பூன் சோற்றின் மேல் தெளித்து, பருப்பையும் அதன் மேலேயே கவிழ்த்து, தாளை மூடி ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். பிரமாதமாக ஆகிவிடாது. ஆனால் தொண்டையில் இறங்கும்.

இவ்வளவு குளிர எதற்கு என்று கேட்பீர்கள். 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸ் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் காலை உணவை ஏற்றிக்கொண்டது. அங்கே இறைச்சித் துண்டுகளைக் கையாண்ட சமையல்காரர் ஒருவரின் விரலில் சீழ்க்கொப்புளம். உணவு சரியாகக் குளிரவைக்கப்படாமல் பல மணி நேரம் இருந்தது. அந்தச் சீழில் உள்ள கிருமி விடுகிற நச்சு சூடாக்கினாலும் போகாது. கிட்டத்தட்ட 200 பேருக்கு வாந்தியும் பேதியும், 140 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். நடுவானில் 300 பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் இருக்கிற கழிப்பறைகளை எண்ணிப் பாருங்கள். கூடத்தில் எங்களுக்கு ருசி இரண்டாவதுதான். விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் அன்று உணவைத் தொட விடமாட்டார்கள். அந்தக் கெடுபிடி சரியானதுதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது நாக்கு. விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பழைய ரக விமானங்களில் அது 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவற்றில் 6,000 அடி. நம் ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி, ஊட்டி 7,300 அடிக்கு மேல். ஆக அம்மா 16 மணி நேரம் உட்கார்ந்திருந்தது ஏற்காட்டைவிட உயரத்தில். சரி, ஊட்டியில் நமக்குச் சாப்பாடு ருசிக்காமலா போகிறது? பசித்துப் பசித்துச் சாப்பிடுகிறோமே? அங்கேதான் மற்ற இரண்டு காரணங்கள் வருகின்றன. மலையில் காற்று ஈரம், விமானத்தில் வறட்சி. விமானக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சேலத்துச் சித்திரை வெயிலில்கூட மூக்கு இப்படிக் காயாது. மூக்கு காய்ந்தால் வாசனை போச்சு, வாசனை போனால் ருசியில் பெரும்பகுதி போச்சு. இன்னொன்று இரைச்சல். எஞ்சின் சத்தம் 80, 85 டெசிபல் அளவில் காதில் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் லுஃப்தான்சாவுக்காக இதைச் சோதித்தது. மியூனிக் பக்கத்தில், அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய பெரிய அறைக்குள் உண்மையான விமானத்தின் ஒரு பகுதியையே வைத்து, ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். உப்பும் இனிப்பும் தரையில் தெரிகிற அளவுக்குத் தெரியவில்லை, உப்பு 20 முதல் 30 சதவீதம் மங்கியது. புளிப்பும் கசப்பும் காரமும் பெரிதாகக் குறையவில்லை. 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விமானச் சத்தத்தைக் காதில் ஒலிக்கவிட்டுச் செய்த சோதனையில் இனிப்பு மங்கியது, தக்காளியிலும் காளானிலும் இருக்கிற உமாமி சுவை தூக்கலாகத் தெரிந்தது. தரையில் தக்காளி ஜூஸ் பக்கமே போகாத ஆட்கள் விமானத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பது இதனால்தான் என்கிறார்கள்.

இதை அப்படியே நம் சமையலுக்குக் கொண்டுவாருங்கள். மஞ்சளும் உப்பும் போட்ட பாசிப்பருப்பு, பாலில் செய்த இனிப்பு, தேங்காய் அரைத்த வெள்ளைக் கூட்டு எல்லாம் மேலே சப்பென்று போகும். புளி, மிளகு, தக்காளி, மிளகாய் இவை நிற்கும். தக்காளி போட்ட மிளகு ரசம் மாதிரி விமானத்துக்குப் பொருத்தமான ஒன்றை யாரும் யோசித்துக்கூடச் செய்ய முடியாது. சிந்திவிடும் என்ற ஒரே காரணத்தால் அது தட்டில் ஏறுவதில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

காபி, டீயைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், டீத்தூள் சரியாக இறங்காது. ஏற்காட்டுக் காபித்தூளில் டிகாக்‌ஷன் போட்டுக் குடித்துப் பழகியவர்களுக்கு அது பிடிக்காது. வெந்நீர் வாங்கிக் குடிப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏற்காடு போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் வயிற்றுக்குள் இருக்கிற காற்றும் அப்படித்தான், தரையில் இருந்ததைவிடக் கால் பங்குக்கு மேல் விரியும். ‘ஏசியன் வெஜ்’ தட்டுகளில் ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் அடிக்கடி வருவதால், வயதானவர்கள் அதில் இரண்டு ஸ்பூன் எடுத்தாலே வயிறு கனத்து உட்கார முடியாமல் தவிப்பார்கள். அம்மாவிடம் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசு விஷயம். 1919 அக்டோபரில் லண்டன்-பாரிஸ் விமானத்தில் முதன்முதலாகச் சாப்பாட்டுப் பெட்டி விற்றபோது விலை 3 ஷில்லிங், பயணி தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிந்தைய காலத்தில் டிக்கெட் விலை கட்டுப்பாட்டில் இருந்தது. விலையில் போட்டிபோட முடியாததால் கம்பெனிகள் சாப்பாட்டில் போட்டிபோட்டன. அமெரிக்காவில் 1978இல் அந்தக் கட்டுப்பாடு போனதும் எல்லோரும் மலிவான டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்கள், முதலில் கை வைக்கப்பட்டது தட்டில். நாமும் டிக்கெட் எடுக்கும்போது விலையைத்தான் பார்க்கிறோம், சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. இதில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

அம்மாவுக்குக் கோழி வந்த கதைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தந்த பகுதி. வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் ‘இந்து உணவு’ என்றால் அசைவம். எச்என்எம்எல் என்று அதற்குக் குறியீடு. மாட்டிறைச்சி இருக்காது, கோழியும் ஆடும் மீனும் முட்டையும் இருக்கலாம். நம் வீட்டுச் சைவத்துக்கு அருகில் வருவது ஏவிஎம்எல், அதாவது ஆசிய சைவம், மசாலாவோடு, பால் தயிரோடு. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களுக்கு விஜேஎம்எல் என்கிற ஜைன உணவு, அதில் கிழங்கு வகையும் வராது. விஎல்எம்எல் எடுத்தால் முட்டை வரலாம், மேற்கத்திய பாணியில் வேகவைத்த காய்தான் பெரும்பாலும். விஜிஎம்எல் எடுத்தால் தயிர் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிபிஎம்எல் என்ற சர்க்கரை நோயாளி உணவைப் போட்டுவிடாதீர்கள், அது சைவமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை, பெரும்பாலும் இரண்டு குறியீட்டைச் சேர்த்துப் போடவும் முடியாது. அவருக்கும் ஏவிஎம்எல் போட்டு, இனிப்பையும் ஜூஸையும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஊசி போடுகிறவரானால், தட்டு மடிக்கு வந்த பிறகு போடட்டும். நேரத்தை நம்பி முன்கூட்டியே போட்டுவிட்டால், விமானம் குலுங்குகிறது என்று சாப்பாட்டை நிறுத்திவைப்பார்கள், சர்க்கரை இறங்கிவிடும்.

புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு இதைப் பதிய வேண்டும். பதிந்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒரு கம்பெனியில் டிக்கெட் எடுத்து இன்னொரு கம்பெனி விமானத்தில் ஏறுகிற ஏற்பாடானால், குறிப்பு போய்ச் சேராமலே இருக்கும். விமானத்தை ஓட்டுகிற கம்பெனியின் தளத்தில் அவர்கள் பதிவெண்ணைப் போட்டு, பெங்களூருவிலிருந்து வளைகுடா வரை ஒன்று, அங்கிருந்து டல்லாஸ் வரை ஒன்று, என இரண்டு பயணத்திலும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தை மாற்றினாலோ தேதியை மாற்றினாலோ அது அழிந்துபோகும், மறுபடி பதிய வேண்டும்.

இனி, கையில் கொடுத்தனுப்புவது. அதற்கு நம் கட்டுச்சோற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. புளியோதரை ஆறின பிறகு சாப்பிடத்தான் செய்வது. புளியும் நல்லெண்ணெயும் மிளகாயும் வெந்தயமும் ஊறி, மறுநாள்தான் அதன் ருசி வருகிறது. மேலே மங்காமல் நிற்கிற சுவைகளே அதில் இருக்கின்றன. எண்ணெய் ஒவ்வொரு பருக்கையிலும் பூசியிருப்பதால் சோறு காயாது. வெந்த சோற்றில் கிருமி வளரும் பயம் எப்போதும் உண்டு, புளிப்பு அதைத் தடுக்கிறது. அதனால் புளிக்காய்ச்சலைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, சோற்றை நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் அடைக்கச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து ஊசிப்போகும். கிளம்பி பத்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதாவது முதல் விமானத்திலேயே. ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, காரணம் மேலே சொன்னேன்.

பெரிய விமானத்துக்கு உலர்ந்த சாமான். மிளகு தட்டை, முறுக்கு, மெல்லிசாகச் சுட்டு நெய் தடவிய சப்பாத்தி, இட்லிப் பொடி ஒரு சின்ன டப்பா. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தட்டுவடை செட்டுக்கு விற்கிறார்களே, அந்தத் தட்டுவடை ஒரு பாக்கெட், சட்னி காய்கறி இல்லாமல் வெறும் வடை. விமானத்தில் தருகிற தயிரை அதன் மேல் ஊற்றி, பொடி தூவி உங்கள் அம்மா சாப்பிட்டுப் பார்க்கட்டும். எலுமிச்சை ஊறுகாய், தயிர்சாதம், துவையல் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவம் என்ற கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேலிருந்தால் பிடுங்கிவிடுவார்கள், மாறும் நிலையத்தில் மறுபடி சோதனை உண்டு. அமெரிக்கா போகிற விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், ஆகவே பொடி கொஞ்சமாக. கொப்பரை வேண்டவே வேண்டாம், தானே சூடேறக்கூடிய பொருள் என்று அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

கிளம்புகிற நாள் எப்படி இருக்க வேண்டும் என்றால், சேலத்தில் சாயங்காலம் கார் ஏறுகிறார்கள், தொப்பூர் தாண்டி, கிருஷ்ணகிரியோ ஓசூரோ வரும்போது எட்டு எட்டரை மணி. அங்கே நிறுத்தி, கொண்டுபோன தயிர்சாதத்தை வயிறு நிறையச் சாப்பிடட்டும். விமானம் அதிகாலையில்தான். மூன்று நாலு மணிக்கு எழுப்பித் தட்டை நீட்டுவார்கள், அது பழகாத நேரம், வேண்டாம் என்று சொல்லித் தூங்கலாம். நீண்ட விமானத்தில் ஏறினதும் ஒரு சாப்பாடு, இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒன்று, நடுவில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் யாரும் வரமாட்டார்கள். அந்த இடைவெளிதான் போன தடவை அம்மாவைச் சாய்த்தது. பசித்தால் பின்னால் ‘கேலி’ (galley) என்ற சமையல் பகுதிக்குப் போய்க் கேட்கலாம். பழம், பன், பிஸ்கட் வைத்திருப்பார்கள், தருவார்கள். பாஷை தெரியாது என்று அம்மா கூச்சப்படுவார். ‘வெஜிடேரியன், நோ எக், ஹாட் வாட்டர்’ என்று ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி இருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

டல்லாஸில் இறங்குமுன் மிச்சச் சோறு, பழம் எல்லாவற்றையும் விமானத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், விமானத்தில் கொடுத்த ஆப்பிளாக இருந்தாலும். 2018இல் அப்படி ஒரு ஆப்பிளைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிய பெண்ணுக்கு அமெரிக்காவில் 500 டாலர் அபராதம் போட்டார்கள். மல்கோவா எடுத்துப்போகும் ஆசை அப்பாவுக்கு இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். தட்டை, முறுக்கு இருக்கிறது என்று படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிட்டால் போதும்.

திரும்பி வரும் பயணத்தைத் தனியாக யோசியுங்கள். அந்தச் சாப்பாடு டல்லாஸில் சமைத்து ஏற்றுவது, பெங்களூருவில் ஏற்றியது மாதிரி இருக்காது. ஏவிஎம்எல் போட்டிருந்தாலும் உப்பும் காரமும் குறைந்த ஏதோ ஒரு மசாலாச் சோறு வரும். தங்கை வீட்டில் புளிக்காய்ச்சல் இருக்கும்தானே, அவரையே கிளம்பும் நாள் காலையில் கிளறிக் கொடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போதும் ஏவிஎம்எல் குறி இருக்கிறதா என்பதை அவரே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.